ஆற்றின் நடுவே ஒரு முகவரி

என் கணவர் அவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறார். ஹைதராபாத்தில் குஷாய்குடா ஆலையில் முதல் ஷிஃப்ட் முடிந்து, என்னை அழைத்துப்போக ஸ்கூட்டரில் உப்பலுக்கு வந்திருந்தார். அன்று சாயங்காலம் காபி குடிக்கும்போது, "உங்க மேடம் ரோட்டைத் தாண்டுறதைப் பார்த்தேன். மூணு வாட்டி தாண்டினாங்க" என்றார்.

எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. இந்தப் பக்கம் பஸ்ஸுக்காக நிற்பார். அந்தப் பக்கம் போய் ஆட்டோ பிடித்தால் சீக்கிரம் போகலாமோ என்று தோன்றும். அங்கே போனதும் தூரத்தில் பஸ் வருவது போலத் தெரியும். ஆபீசில் அவருக்குக் குழப்பக்காரி என்று பெயர். தெலுங்கிலும் உருதுவிலும் இங்கிலீஷிலும் தனித்தனியாக அந்தப் பெயர் உண்டு. தமிழில் வைத்தது நான்.

அவருடைய நிஜப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவரைத் தெரிந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள். நான் எந்தக் கட்சி என்பது எனக்கே இன்னும் தெரியவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்தது ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில். உப்பலில் ஒரு வீட்டின் மாடி. கீழே ஸ்பிரிங் செய்யும் பட்டறை. காலையிலிருந்து மாலை வரை கம்பியைச் சுற்றி அடிக்கும் சத்தம். மேலே நாங்கள் கோதாவரிக் கரை ஏழைகளுக்கு என்னென்ன செய்யலாம் என்று திட்டம் போடுவோம். திட்டம் போடுவது அவர் வேலை. அவர் போடும் வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து மையால் நகல் எடுப்பது என் வேலை. ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் படித்துவிட்டு, ஒரு ஆலையில் தற்காலிகமாக இருந்து, அது முடிந்தபின் இங்கே வந்தேன். எங்களுக்குள் நான்கைந்து வயதுதான் வித்தியாசம். இரண்டு பேருக்கும் வீட்டில் தமிழ். அவர்கள் குடும்பம் செகந்திராபாத்துக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டதால், வேண்டாம் என்பதற்கு அவர் "நக்கோ" என்பார், ஆமாம் என்பதற்கு "ஹவ்" என்பார். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்வார்.

நாங்கள் திட்டம் போட்ட இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோதாவரி கடலை நெருங்கும் பகுதியில், ஆற்றின் நடுவே மணலும் வண்டலும் சேர்ந்து திட்டுகள் எழும்பும். அவற்றுக்கு அங்கே லங்கா என்று பெயர். நிலமில்லாதவர்கள் போய்க் குடிசை போட்டு வாழை, புகையிலை, கத்தரி என்று ஏதாவது பயிர் செய்வார்கள். ஆறு ஒரு பக்கம் அரிக்கும், இன்னொரு பக்கம் சேர்க்கும். போன வருடம் வீடு இருந்த இடத்தில் இந்த வருடம் வலை வீசுவார்கள். அப்படி ஒரு லங்காவுக்கு மருந்தகமும் பள்ளியும் சேர்ந்த ஒரு கட்டிடம் கட்டித் தருவதாகப் பணம் கொடுக்கும் வெளிநாட்டுக் குழு ஒப்புக்கொண்டிருந்தது. எங்கே கட்டுவது என்று முடிவு செய்வது மட்டும் பாக்கி.

அந்த ஒன்றைத்தான் அவரால் செய்ய முடியவில்லை. முதலில் வடமுனை என்றார். நான் வரைந்து முடித்தேன். ஒரு முறை நேரில் போய்விட்டு வந்து, தென்முனை என்றார். தாளில் காய்ந்த மையைச் சவர பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுத்துவிட்டு அதன் மேல் மறுபடி வரைய வேண்டும். மூன்றாவது தடவை சுரண்டும்போது தாள் கிழிந்தது. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முன்பு தான் ஒரு ஆலையில் பிளானிங் பிரிவில் இருந்ததைச் சொன்னார். எந்த உதிரிபாகம் எந்த இயந்திரத்துக்கு எந்த நாளில் போக வேண்டும் என்று அட்டவணை போடும் வேலை. அங்கே ஒரு தப்புகூடச் செய்ததில்லையாம். நேற்று வைத்த லேத் மெஷின் இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது ஏக்கமா, அலுப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நல்ல புடவை வாங்கிக்கொண்டு வருவார், மறுநாள் போய் மாற்றிவருவார். சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னுடையதைக் கேட்பார், பாதி சாப்பிட்டபின் தன்னுடையதற்கே திரும்புவார். இதெல்லாம் வேடிக்கை. வேடிக்கையாக இல்லாதது, பெரிய கூட்டங்களில் அவர் நடந்துகொண்ட விதம். பணம் கொடுக்கும் குழுவிலிருந்து ஆட்கள் வந்திருந்தபோது, இந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டார்கள். டைரக்டர், அதாவது அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று எங்களுக்குத் தலைவராக இருந்தவர், பதில் சொல்லும்படி இவரைப் பார்த்தார். இவர் எழுந்து நின்று, எனக்குத் தெரியவில்லை, ஒருவேளை தப்பாகவும் இருக்கலாம் என்றார். டைரக்டர் டீ கொண்டுவரச் சொன்னார்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் என்னையும் அங்கே அழைத்துப் போனார். வரைகிறவள் ஒரு முறையாவது இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். ரயில், பஸ், அப்புறம் படகு. லங்காவில் இறங்கியதும் காகிதத்தில் நான் நான்கு தடவை வரைந்த மேட்டைத் தேடினேன். அது பாதிதான் இருந்தது. மீதி ஆற்றுக்குள் போயிருந்தது. நான் வரைந்த கோடுகள்மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதுவரை அவர்மேல் எனக்கிருந்த கோபம் அங்கே கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் அதன் இடத்தில் வேறு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

அன்று தென்முனையில் மங்கம்மா என்ற பெண்ணைப் பார்த்தோம். ஐம்பது வயது இருக்கும். புதிதாக எழும்பிய வண்டலில் குடிசை போட்டிருந்தாள். மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் எங்களுக்கு மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, புது வெட்கத்தோடு குடிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இங்கே மருந்தகம் கட்டினால் வசதியா என்று மேடம் கேட்டார். மங்கம்மா வேண்டாம் என்றாள். தெலுங்கில் அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கல்லுக் கட்டடம் கட்டாதீங்கம்மா. ஆறு எங்களைத் துரத்தினா நாங்க நகர்ந்துக்குவோம். நீங்க கட்டடம் கட்டிட்டா, இது நல்ல நிலம்னு கரையில இருக்கிற பெரியவங்களுக்குத் தெரிஞ்சிரும். பட்டாவைத் தூக்கிட்டு வந்துருவாங்க. அப்ப நாங்க எங்க போறது?"

பின்னே என்னதான் வேண்டும் என்று மேடம் கேட்டார். ஒரு படகு என்றாள் மங்கம்மா. தங்களுடையதாக ஒரு படகு. உடம்புக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக, வாரத்தில் ஒரு நாள் நர்ஸை அழைத்துவர. இப்போது கரைக்காரர்களின் படகுக்குக் கெஞ்ச வேண்டியிருக்கிறது என்றாள்.

திரும்பும்போது படகில் அவர், நல்லது செய்யப் போய் இவர்களை நாமே காட்டிக்கொடுத்துவிடுவோமா என்று ஒரு தடவை கேட்டார். சிறிது நேரம் கழித்து, ஆனால் வெள்ளம் வந்தால் கட்டடம் இருந்தால்தானே ஏறி நிற்கலாம் என்றும் கேட்டார். இரண்டுக்கும் நான் தலையாட்டினேன்.

ஹைதராபாத் வந்து, பணம் கொடுக்கும் குழுவின் விதிகளைப் பார்த்தோம். படகுக்குப் பணம் தர இடமில்லை. படகை யாராவது விற்றுவிடலாம், ஓட்டிக்கொண்டு போய்விடலாம், ஆகவே கட்டிடம் மட்டும்தான். அவர் பத்து நாள் யோசித்தார். பிறகு ஒரு மத்தியானம் என் மேஜைக்கு வந்து ஒரு கட்டிடம் வரையச் சொன்னார். நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் எட்டு அடி. தரை பலகை. சுவர் பலகை. கூரை வளைவாக, மூங்கில் தட்டி. இரண்டு முனையும் குறுகிக்கொண்டே போக வேண்டும்.

"மேடம், இது படகு" என்றேன்.

"ஹவ். ஆனா ஃபாரத்துல நீளம், அகலம், தரை, சுவர், கூரை, இதைத்தானே கேக்கறாங்க? நாம எதுலயும் பொய் சொல்லலையே."

அஸ்திவாரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'இடத்துக்கு ஏற்றபடி' என்று நிரப்பினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. என் பெரிய பெண் அப்போது ஏழாம் வகுப்பு. வேலை போனால் என்ன செய்வது என்று நினைத்தேன். ஆனாலும் வரைந்தேன். அதுவரை நான் வரைந்ததிலேயே அழகான வரைபடம் அதுதான். முனைகள் குறுகுவது தெரியாதபடி பக்கவாட்டில் இரண்டு மரங்களை நானாகவே சேர்த்தேன்.

கடைசியாக, கட்டிடம் அமையும் இடத்தை லங்காவின் வரைபடத்தில் குறிக்க வேண்டியிருந்தது. எங்கே வைப்பது என்று கேட்டேன். எதிலும் மனம் மாறுகிறவர், கொஞ்சமும் யோசிக்காமல் வடமுனைப் படகுத் துறையில் விரல் வைத்து, "இங்கயே வெச்சிருங்க. எங்கயாச்சும் ஒரு அட்ரஸ் வேணும்ல" என்றார். இதையாவது மாற்றாமல் இருக்கிறாரே என்று எனக்கு நிம்மதி. கெட்டியாக மை தொட்டுக் குறித்தேன்.

டைரக்டர் மற்ற காகிதங்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். அடுத்த வெயில் காலத்தில் படகு தயாராயிற்று. சத்தியம் என்று லங்காவைச் சேர்ந்த ஒருவர் அதை ஓட்ட அமர்த்தப்பட்டார். முதல் ஆறு மாதம் நல்லபடியாகப் போனது. பாம்பு கடித்த ஒருவரைக் காப்பாற்றியது, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளைக் கொண்டுபோனது, நர்ஸ் வாரம் தவறாமல் வந்தது, எல்லாம் கடிதமாக வரும். அவர் அவற்றை எனக்கு வாசித்துக் காட்டுவார். வாசித்துவிட்டு, சரியாத்தான் செஞ்சிருக்கோமா என்று கேட்பார்.

சங்கராந்தி கழிந்த வாரம், கட்டிடத்தைப் பார்க்கப் பணம் கொடுத்த குழுவின் ஆட்கள் வருவதாகச் சேதி வந்தது. எந்த நாள் என்று சொல்லவில்லை. அந்த வாரத்தில் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார்கள். நேரில் பார்த்தால் படகு என்று தெரிந்துவிடும். அதை அப்போது சமாளித்துக்கொள்ளலாம், ஆனால் வரைபடத்தில் குறித்த இடத்தில் எதுவுமே இல்லாவிட்டால் மோசடி என்பார்கள் என்று அவர் பயந்தார். அவர்கள் வந்து போகும்வரை படகை வடமுனைத் துறையிலேயே கட்டி வைக்கும்படி சத்தியத்துக்குத் தந்தி கொடுத்தார். கொடுத்தபின் ஒருமுறைகூட மனம் மாறவில்லை. நான் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

நான்காம் நாள் டிரங்க் கால் வந்தது. கரையிலிருந்து சத்தியம் பேசினார். கீழே பட்டறைச் சத்தத்தில் ஒன்றும் சரியாகக் கேட்கவில்லை. அவர் சொல்வதை எல்லாம் மேடம் உரக்கத் திருப்பிச் சொல்லிச் சொல்லிக் கேட்டார். அதனால் ஆபீஸ் முழுவதுக்கும் அது கேட்டது. மங்கம்மாவோட மருமகளா என்றார். ரத்தம் நிக்கலையா என்றார். குழந்தை இருக்கா என்றார். கடைசியில், எப்ப என்று கேட்டார். அந்தக் கேள்வியை மட்டும் மெதுவாகக் கேட்டார். போனை வைத்தபின் கொஞ்ச நேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். தென்முனையில் அந்தப் பெண்ணுக்கு நாளுக்கு முந்தியே பிரசவ வலி கண்டு, ரத்தம் போகத் தொடங்கியது. படகோ வடமுனையில்; அங்கே ஓடிவந்து சொன்னார்கள். இடையில் ஒரு வாய்க்கால் புதிதாக உடைத்திருந்ததால் அவர்கள் சுற்றி வர நேரமாயிற்று. தந்தியை மீறலாமா கூடாதா என்று சத்தியம் சிறிது நேரம் தயங்கினார். பிறகு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் படகிலேயே குழந்தை பிறந்தது. தாய் கரை சேரவில்லை. பார்வையிட வேண்டியவர்கள் அந்த வாரம் வரவே இல்லை.

அவர் நேராக டைரக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. கட்டிடம் என்று கொடுத்தது படகு, தந்தி கொடுத்தது நான், என்று சொன்னார். டைரக்டர் வரைபடத்தை எடுத்து முதல் முறையாக உற்றுப் பார்த்தார். இதை வரைந்தவருக்குத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது சார். வீடுன்னு சொல்லித்தான் வரையச் சொன்னேன்" என்றார் அவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. நகக்கண்ணில் இருந்த மையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை அந்த மாதத்தோடு போகச் சொல்லிவிட்டார்கள். போவதற்கு முன் அவர் தனியாக லங்காவுக்குப் போய்விட்டு வந்தார். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் திட்டவில்லையாம். தந்தி கொடுத்தது தானென்று மங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அவள் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, படகை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள் என்று கேட்டாளாம்.

"திட்டியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்" என்றார் அவர்.

டைரக்டரிடம் நான் உண்மையைச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். உடனே நக்கோ என்றார். அதில் அவர் மனம் மாற வேண்டும் என்று நான் காத்திருந்தேனா, மாறக்கூடாது என்று காத்திருந்தேனா? கடைசி நாளும் வந்தது. அவர் கையில் ஒரு துணிப்பையோடு படியிறங்கிப் போனார். நான் வேலையில் இருந்தேன்.

புதிதாக வந்த திட்ட அதிகாரி ஒரே நாளில் இடத்தை முடிவு செய்தார். தென்முனை. கான்கிரீட் தூண், மேலே தட்டைக் கூரை, பக்கவாட்டில் படி. நான் ஒரே தடவையில் வரைந்து முடித்தேன். பிளேடை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. மழைக்கு முன் கட்டி முடித்துவிட்டார்கள். அந்த ஆவணியில் கோதாவரி பெரிதாக வந்தது. முதல் நாளே படகு கயிறு அறுந்து போய்விட்டது. லங்கா ஜனங்கள் அந்தக் கூரைமேல் ஏறி இரண்டு நாள் இருந்தார்கள். மங்கம்மாவும் அந்தக் குழந்தையும் அதில் இருந்தார்கள். எல்லோரும் பிழைத்தார்கள். அந்தச் சேதி வந்தபோது ஆபீசில் இனிப்பு கொடுத்தார்கள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் லங்கா ஜனங்களிடமிருந்து ஒரு மனு வந்தது. தெலுங்கில் எழுதி, கீழே வரிசையாகக் கைநாட்டு. கட்டிடம் இருக்கும் நிலம் தன் தாத்தா காலத்துப் பட்டா நிலம் என்று கரையிலிருந்து ஒருவர் வழக்குப் போட்டு, ஆட்களோடு வந்து குடிசைகளைப் பிரித்துவிட்டார். மருந்தகத்தில் இப்போது அவருடைய புகையிலை கிடக்கிறது. நாங்கள் வேறு திட்டுக்கு வந்துவிட்டோம், அங்கே ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்கள். புது அதிகாரி படித்துவிட்டு, இது கோர்ட் விவகாரம் என்று ஃபைலில் வைக்கச் சொன்னார். நான்தான் வைத்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வருடம் இருக்கும். நாச்சாரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நின்றபோது அவரைப் பார்த்தேன். மல்லாபூரில் ஒரு சின்ன கம்பெனியின் ஸ்டோர்ஸில் வேலை என்றார். நட்டும் போல்ட்டும் எண்ணிக் கொடுப்பது. தலை நன்றாக நரைத்திருந்தது. பிள்ளைகளைக் கேட்டார். தமிழில் பேசினால் தெலுங்கில் பதில் சொல்கின்றன என்றேன். சிரித்தார். லங்காவைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்கத் துணியவில்லை என்று எனக்குப் பட்டது.

நானே சொன்னேன். கட்டிடம் கட்டியதையும், வெள்ளம் வந்ததையும், எல்லோரும் கூரைமேல் ஏறிப் பிழைத்ததையும் சொன்னேன். மங்கம்மாவும் பேரனும் இருந்தார்கள் என்றேன். படகு போய்விட்டது என்பதையும் மறைக்கவில்லை.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"அப்போ கட்டடம் வேணாம்னு நான் சொன்னதுதான் தப்பு" என்றார். "எவ்ளோ நல்லதாப் போச்சு."

தான் தப்பு என்று தெரிந்ததில் ஒரு மனுஷிக்கு அவ்வளவு சந்தோஷம் வந்து நான் பார்த்ததில்லை. எத்தனையோ வருடமாகத் தூக்கிக்கொண்டு நின்ற எதையோ இறக்கி வைத்தவர் போல இருந்தார். மனுவைப் பற்றிய பேச்சு என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைச் சொன்னால், மங்கம்மா பயந்தது சரி, நீங்கள் தடுத்தது சரி என்று ஆகும். அவருக்கு நியாயம் கிடைக்கும். கூடவே, அந்த ஜனங்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள் என்பதும் தெரியும். டைரக்டர் அறையில் ஒரு முறை அவருக்காக வாயைத் திறக்காதவள், இப்போதாவது திறக்க வேண்டாமா? அல்லது இப்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய ஒரே நல்லதா?

அவர் பஸ் வந்தது. ஏறி, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையசைத்தேன். பஸ் கிளம்பிவிட்டது.